காந்தம் ஒட்டாத வால்வெல்லாம் இன்கோனல் இல்லை

டர்போ காருக்கு 'இன்கோனல்' (அதிகச் சூட்டைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது எரிந்த வாயுவை வெளியே விடும் வால்வு, வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பெர்ஃபார்மன்ஸ் பாகங்கள் விற்கும் ஒருவரிடமிருந்து வந்த செட் பற்றிய பதிவு இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், இன்ஜின் 2.0 டிஎஸ்ஐ. பெரிய டர்போ ஏற்றுவதற்காக ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கழற்றப்பட்டது. கையோடு 16 வால்வும் மாற்றிவிடலாம் என்று முடிவானது. விற்றவர் சொன்ன கணக்குப்படி இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்கம்) எட்டும் 21-4என் ஸ்டெயின்லெஸ், எக்ஸாஸ்ட் எட்டும் இன்கோனல் 751. சாட்சிக்கு ஒரு வீடியோ வேறு. வால்வின் தலையில் காந்தத்தை வைக்கிறார், நழுவி விழுகிறது. "பாத்துக்கோங்க சார், ஸ்டீலா இருந்தா ஒட்டும்ல?"

ஒட்டாது. ஏமாற்று வேலை நடப்பதே இந்த இடத்தில்தான். 21-4என் என்பதும் ஸ்டீல்தான்: சுமார் 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், 9 சதவீதம் மாங்கனீஸ், மீதி பெரும்பாலும் இரும்பு. ஆனாலும் அதன் உள்கட்டமைப்பு ஆஸ்டெனிட்டிக் வகை என்பதால் காந்தம் பிடிக்காது. இன்கோனல் 751-இல் நிக்கல் மட்டுமே 70 சதவீதத்துக்கு மேல், அதிலும் பிடிக்காது. ஆக, காந்தம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: தலை சாதாரண சில்க்ரோம் (சிலிக்கானும் குரோமியமும் கலந்த, காந்தம் ஒட்டும்) ஸ்டீலா இல்லையா என்பதை. தண்டில் மட்டும் ஒட்டினால் பதற வேண்டாம். தலையை ஒரு உலோகத்திலும் தண்டை இன்னொன்றிலும் செய்து ஃப்ரிக்‌ஷன் வெல்டிங்கில் இணைப்பது நல்ல கம்பெனிகளும் செய்வதே.

இந்த செட்டில் சந்தேகம் முதலில் வந்தது மைக்ரோமீட்டரில். எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டு விட்டம் 5.93-இலிருந்து 5.97 மி.மீ. வரை ஆளுக்கொன்றாக இருந்தது. ஒரே செட்டுக்குள் 0.01 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிரைண்டிங் சரியில்லை என்று அர்த்தம். கைடை (தண்டு ஏறி இறங்கும் குழாயை) எந்த அளவுக்கு ரீம் செய்வது, அதாவது குடைவது? ஒன்றுக்குப் பொருத்தினால் இன்னொன்று ஆடும். கைடில் ஆடும் வால்வு சீட்டில் (தலை மூடி உட்காரும் வளையத்தில்) கோணலாக உட்காரும், அங்கே வெப்பம் இறங்காது.

அடுத்து அடர்த்தி. லேப் தேவையில்லை, 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு போதும். வால்வை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, வால்வை மெல்லிய நூலில் கட்டி முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. குமிழி ஒட்டாமலிருக்க தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் வால்வின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 21-4என் என்றால் 7.7 அல்லது 7.8 வரும், இன்கோனல் 751 என்றால் 8.2. நம் வால்வு 40.3 கிராம். இன்கோனலாக இருந்தால் தண்ணீரில் 4.91 காட்டியிருக்க வேண்டும், காட்டியது 5.20. வகுத்தால் 7.75. இன்னொரு வால்வு, அதே கணக்கு.

விற்றவர் இதை ஏற்கவில்லை, "வீட்டுத் தராசெல்லாம் ப்ரூஃப் ஆகாது" என்றார். சரி என்று ஒரு வால்வு லேபுக்குப் போனது. கோவை மாதிரி ஃபவுண்டரி நிறைந்த ஊரில் உலோகச் சோதனை லேபுக்கு அலைய வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். சில விநாடி வேலை, வால்வில் தழும்பும் விழாது. ஸ்பெக்ட்ரோ (தீப்பொறி விட்டுக் கலவை பார்க்கும் மெஷின்) என்றால் தீப்பொறி பட்ட இடத்தில் பொட்டு விழும், அந்த வால்வை மறந்துவிட வேண்டியதுதான். அந்த மெஷினில் நிக்கல் உலோகங்களுக்கான ப்ரோகிராம் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட் வந்தது: நிக்கல் 3.9, குரோமியம் 20.8, மாங்கனீஸ் 8.7. அசல் 21-4என், இன்டேக்குக்குக் கொடுத்த அதே சரக்கு.

'அதுவும் நல்ல ஸ்டெயின்லெஸ்தானே, ஓடட்டுமே' என்று தோன்றலாம். இந்த இன்ஜினின் ஒரிஜினல் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே குழலாக, சோடியம் நிரப்பி வருவது. சோடியம் 98 டிகிரியில் உருகி, வால்வு ஓடும்போது மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்கு ஏற்றிவிடும். அதை எடுத்துவிட்டுத் திடமான 21-4என் போட்டால் தலை முன்பைவிடச் சூடாக ஓடும். காசு கொடுத்து ஒரு படி இறங்கியதுதான் மிச்சம். பெரிய டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இந்த ஸ்டீல் இளகி, தலை குடை மாதிரி குழியும், தண்டு நீளும். ஹைட்ராலிக் லிஃப்டர் (வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் தானே சரிசெய்யும் பாகம்) அந்த நீட்சியை விழுங்கிக்கொள்வதால் டப்பட் சத்தம் கேட்காது. கம்ப்ரஷன் குறைந்த பிறகோ, லீக்டவுன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பதில்) சைலன்சர் வழியே 'உஸ்' என்று காற்று வந்த பிறகோதான் தெரியும். அதற்குள் தலை உடைந்தால் பிஸ்டன் போகும், துண்டு பறந்து டர்பைன் இறக்கையும் போகும்.

இன்னொரு எச்சரிக்கை: கழற்றிய பழைய சோடியம் வால்வை உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அறுக்காதீர்கள். சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும்.

எங்கள் அபிப்பிராயம், ஒரிஜினல் டர்போவில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் ப்ரோகிராமை மாற்றுவது) மட்டும் செய்த காருக்கு எக்ஸாஸ்ட் வால்வில் கை வைக்கவே தேவையில்லை. அந்தப் பணம் ஸ்பிரிங்குக்குப் போகட்டும். 34 மி.மீ. இன்டேக் வால்வின் முதுகில் 1.5 பார் பூஸ்ட் அழுத்தினால் ஏறத்தாழ 14 கிலோ விசை, வால்வைத் திறக்கும் பக்கமாக. ஸ்பிரிங் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். நிஜ இன்கோனல் போட்டால், அதே அளவு திடமான 21-4என் வால்வைவிட எடையும் சுமார் 6 சதவீதம் கூடும். "சுவர்ல் பாலிஷ் போட்டிருக்கு, கார்பன் பிடிக்காது" (சுவர்ல் பாலிஷ் என்பது வால்வின் முதுகைச் சுழல் கோடாக மெருகேற்றுவது) என்ற விற்பனைப் பேச்சை விட்டுத் தள்ளுங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வு மேல் படுவதே இல்லை, எந்தப் பாலிஷ் போட்டாலும் கார்பன் பிடிக்கும்.

சரியான வால்வு கிடைத்தாலும் ஹெட் வேலையில் கோட்டை விடுகிறார்கள். வால்வின் சூட்டில் பெரும்பகுதி இறங்குவது சீட் வழியாகத்தான். காற்று நன்றாகப் போகும் என்று எக்ஸாஸ்ட் சீட்டை ரேஸ் ஹெட் போல மெல்லிசாக வெட்டினால் எந்த உலோகமும் எரியும். இன்டேக்குக்கு 1 மி.மீ. போதும், டர்போ எக்ஸாஸ்டுக்கு 1.3-இலிருந்து 1.5 வையுங்கள். நைட்ரைடு செய்த (நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கிய) கறுப்பு வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் அந்த மெல்லிய படலம் போய்விடும். ப்ளூ (நீல மார்க்கிங் மை) தடவி உட்காரும் வளையத்தை மட்டும் பாருங்கள். சீட் வெட்டும் முன் பழைய வால்வு நிற்கும் தண்டு உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது அதைவிட அதிகம் உயர்ந்து நின்றால் லிஃப்டர் அடிவரை அமுங்கி, வால்வு மூடவே மூடாது.

லேப் ரிப்போர்ட்டை அனுப்பியதும் வந்த பதில்: "பெட்டி திறந்துட்டா ரிட்டர்ன் இல்ல. வேணும்னா ரெண்டு வால்வு மாத்தித் தரேன்." தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது. ஒரு விஷயம், பில் கார் உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். மறுவிற்பனைக்காக ஒர்க்‌ஷாப் வாங்கியது போல பில் இருந்தால், நுகர்வோர் சட்டத்தில் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். பில்லில் வெறும் 'வால்வ் செட்' என்று எழுத விடாதீர்கள்; 'எக்ஸாஸ்ட், இன்கோனல் 751, 8 எண்ணம்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

செட்டின் அடையாளம்: பெயரில்லாத கறுப்பு அட்டைப் பெட்டி, வால்வின் தலையில் லேசரில் வெறும் 'இன்கோனல்' என்ற எழுத்து, பார்ட் நம்பரோ ஹீட் நம்பரோ (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) கிடையாது. காந்த வீடியோ இன்னும் அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.