மசில் பிரேக் மாட்டிய ரைபிளுடன் ஏழு வருடங்கள்

என்னிடம் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிள். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றே முக்கால் கிலோ. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் இதைத்தான் எடுத்துப் போகிறேன். வாங்கிய முதல் வருடம் 100 மீட்டரில் என் குண்டுகள் கையகலத்துக்குச் சிதறின. ஸ்கோப்பை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. ஒரு நாள் நண்பர் எனக்குத் தெரியாமல் மேகசினுக்கு நடுவில் ஒரு டம்மி தோட்டாவைச் சொருகிவிட்டார். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை சட்டென்று கீழே குத்தியது. கோளாறு துப்பாக்கியில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் உதைக்கும், அந்த உதை விழப்போகிறது என்று என் உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் மசில் பிரேக் மாட்டினேன், குழலின் முனையில் திருகி மாட்டும், துளைகள் போட்ட சின்ன உலோகக் குழாய் அது. அது செய்யும் வேலை எளிமையானது. என் தோட்டாவில் குண்டின் எடை 180 கிரெயின், அதாவது 11.7 கிராம். அதைத் தள்ளும் வெடிமருந்து நாலரை கிராமுக்கு மேல். அந்த மருந்து எரிந்து வாயுவாகி, குண்டை விட வேகமாகக் குழலை விட்டு வெளியேறுகிறது. தோளுக்கு வரும் உந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. முன்னால் பீறிடும் வாயுவைப் பிரேக் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. அதனால் துப்பாக்கி கொஞ்சம் முன்னோக்கி இழுபடுகிறது. நல்ல பிரேக் என்றால் உதையின் ஆற்றல் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். என் ரைபிள் கிட்டத்தட்ட ஒரு .308 போல, அதாவது இதைவிடச் சின்னத் தோட்டா போடும் ரைபிளைப் போல உதைக்க ஆரம்பித்தது. மருந்து குறைவான சின்னத் தோட்டாக்களில் திருப்பிவிட அவ்வளவு வாயு கிடையாது, பலனும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

இரண்டு மாதத்தில் அந்தச் சுருங்கல் போய்விட்டது. முன்பு பத்துத் தோட்டாவோடு பயிற்சியை முடித்துவிடுவேன், இப்போது முப்பது சுட்டாலும் தோள் வலிப்பதில்லை. குண்டுகளும் ஒன்றோடு ஒன்று நெருங்கி விழுந்தன. இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை: குண்டு படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. முன்பெல்லாம் சுட்டவுடன் ஸ்கோப் முழுக்க வானம்தான் தெரியும். விலங்கு எங்கே அடிபட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். பிரேக் வந்த பிறகு அது விழுந்ததா, திரும்பியதா, இன்னொரு குண்டு வேண்டுமா என்பது அந்த நொடியிலேயே தெரிகிறது. காயம்பட்ட விலங்கைத் துன்பத்தில் விடக் கூடாது என்று நினைப்பவருக்கு இது பெரிய விஷயம். பிரேக்கைப் புகழ்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, இப்போது சத்தத்துக்கு வருகிறேன். பிரேக் இல்லாத வேட்டை ரைபிளே 160 டெசிபெல்லைத் தாண்டும். திடீர் வெடிச்சத்தம் காதைக் கெடுக்கத் தொடங்கும் எல்லையாகச் சொல்லப்படுவது 140. பிரேக் மாட்டினால் சுடுபவரின் காதருகே இன்னும் 5 முதல் 10 டெசிபெல் கூடும். எண் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் 6 டெசிபெல் கூடினாலே ஒலியழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். சுடுபவரை விடப் பக்கத்தில் நிற்பவர் பாடு மோசம், வாயு பாய்வதே அந்தத் திசையில்தான். வேட்டை வழிகாட்டிகள் பலர் பிரேக் மாட்டிய துப்பாக்கியைக் கண்டால் முகம் சுளிப்பது இதனால்தான்.

மூன்றாவது வருடம் பலகை அடைத்த ஒரு மறைவிடத்துக்குள்ளிருந்து பன்றியைச் சுட்டேன். பன்றி திடீரென வெளியே வந்ததால் காதில் எதையும் மாட்டவில்லை. பக்கத்தில் இருந்த நண்பரும் மாட்டவில்லை. பலகைச் சுவர் சத்தத்தை அப்படியே எங்கள் மேல் திருப்பியது. அவருக்கு இரண்டு நாள் காது இரைந்தது. எனக்கு அந்த இரைச்சல் முழுதாக நிற்கவே இல்லை, இரவில் அமைதியான அறையில் இன்றும் கேட்கிறது. செவித்திறன் சோதனையில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரிந்தது. வெடிச்சத்தத்தில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது அந்தப் பகுதிதான். உட்செவியின் மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. தோளில் கன்றிய இடம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், இது ஆறாது. நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் கேட்டு என்ன, அவருடைய காதையும் சேர்த்து நான்தான் பணயம் வைத்திருந்தேன்.

அதிலிருந்து பயிற்சியில் நுரை அடைப்பான், அதன் மேல் இயர்மஃப் என்று இரண்டும் போடுகிறேன். காட்டில் எலக்ட்ரானிக் இயர்மஃப். சருகு மிதிபடும் ஓசையை அது கூட்டித் தருகிறது, வெடிச்சத்தத்தை அடக்கிவிடுகிறது. அது காதில் ஏறாமல் தோட்டாவை அறைக்குள் தள்ளுவதில்லை.

மற்ற தொல்லைகள் சின்னவை. துளைகள் சுற்றிலும் இருக்கும் பிரேக் என்றால், தரையில் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பி முகத்தில் அடிக்கும், அடுத்த குறி மறைந்துவிடும். அதனால் அடிப்பக்கம் துளை இல்லாததாக வாங்குங்கள். குழல் ஆறேழு சென்டிமீட்டர் நீளும், புதருக்குள் கொஞ்சம் இடிக்கும். உள்ளே கரி படியும், அவ்வப்போது கழற்றிச் சுரண்ட வேண்டும். பிரேக்கைத் திருகுவதற்குக் குழல் முனையில் மரை வெட்டும் வேலையை மட்டும் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் லேத்தில் செய்ய விடுங்கள். மரை கோணினால் குண்டு பிரேக்கில் உரசும், அப்புறம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

நண்பர்களோடு போகும்போது இப்போது பிரேக்கைக் கழற்றி, மரைக்கு மூடி போட்டுவிடுகிறேன். உயிருள்ள விலங்கைக் குறிபார்க்கும்போது அந்த ஒரு உதை தெரிவதே இல்லை. ஆனால் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும். என் ரைபிளில் 100 மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே போகிறது, உங்களுடையதில் வேறு மாதிரி இருக்கலாம். இரண்டு நிலைக்கும் தனித்தனியாகக் குறி சரிபார்த்து, ஸ்கோப் திருகின் கிளிக் எண்ணிக்கையைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்று புதிதாகத் தொடங்குபவர் கேட்டால், முதலில் 6.5 கிரீட்மூர் போன்ற உதை குறைந்த தோட்டாவைப் பாருங்கள் என்பேன். கட்டையின் பின்முனையில், தோளில் படும் இடத்தில் நல்ல ரப்பர் பேடும் உதவும். சட்டம் அனுமதிக்கும் இடமென்றால் சப்ரஸர், அதாவது குழல் முனையில் மாட்டும் சத்தம் அடக்கி, இன்னும் நல்லது. அது உதையையும் குறைக்கும், சத்தத்தையும் 20 முதல் 30 டெசிபெல் இறக்கும், ஆனால் அதோடும் காதை மூடத்தான் வேண்டும். நானும் விண்ணப்பித்துவிட்டேன். பிரேக்குக்காக வெட்டிய 5/8 அங்குல மரையிலேயே அதுவும் ஏறும்.