குழந்தை ஃபிராக்குக்கு லைனிங்: காட்டனா, கிரேப்பா?

வியர்வை: காட்டன் உறிஞ்சும். கடையில் கிடைக்கும் கிரேப் பெரும்பாலும் பாலியஸ்டர். உடம்போடு ஒட்டும், அக்குளில் அரிக்கும்.

துணி சுருங்குதல்: காட்டன் காலை வாருவது இங்கேதான். நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள். கிரேப்புக்கு இந்த வேலையே இல்லை.

தையல்: காட்டன் நகராது. கிரேப் வழுக்கும், ஓரம் பிரியும். தையலுக்கு அரை அங்குலம் விட்டு ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் பின்னும் தையல்) அடியுங்கள். 11ஆம் நம்பர் ஊசி போதும்.

தொங்கும் அழகு: கிரேப்தான்.

கைக்குழந்தைக்கு, வெயில் காலத்துக்கு முழுக்கக் காட்டன். விசேஷ நெட் ஃபிராக்கா? மேலுடம்புக்குக் காட்டன், பாவாடைப் பகுதிக்குக் கிரேப். லைனிங், மேலே வரும் நெட் துணியைவிட 1 அங்குலம் குட்டையாக.