கூலன்ட் தொட்டிக்கு இலவம்பஞ்சுத் தலையணை: பீன்யா பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

சிஎன்சி மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள், வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டிக்காக இலவம்பஞ்சு அடைத்த இந்த எண்ணெய் உறிஞ்சும் தலையணையைத் தாராளமாக வாங்கலாம். தரையில் சிந்துவதைத் துடைக்க மட்டும் என்றால் வேண்டாம். அதற்குக் காய்ந்த தென்னை நார்க்கழிவுத் தூளைத் தூவிப் பெருக்கினாலே போதும், செலவும் குறைவு.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துபவர்களுக்குத் திங்கட்கிழமை நாற்றம் தெரியும். மெஷினின் நகரும் பாகங்கள் வழுக்கி ஓட விடும் ஸ்லைட்வே எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கூலன்ட் மேல் ஆடையாகப் படியும். ஞாயிறு முழுக்க மெஷின் ஓடாது. காற்றுப் புகாததால் அடியில் பாக்டீரியா பெருகி, மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டை வாடை. ஆபரேட்டர் தம்பிகளுக்குக் கையெல்லாம் அரிப்பு வேறு. இதுவரை பனியன் வேஸ்ட் போட்டுத்தான் எடுத்தோம். அது எண்ணெயோடு கூலன்டையும் சேர்த்துக் குடித்துவிடும்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் தலையணையை மிதக்க விடுகிறோம். திங்கட்கிழமை பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரை பழுப்பேறி, கனத்துக் கிடக்கிறது. கையில் எடுத்தால் வழிவது பெரும்பாலும் எண்ணெய்தான். "அண்ணே, கூலன்ட் லெவல் இறங்கவே இல்ல" என்றார் எங்கள் சீனியர் ஆபரேட்டர். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே இயற்கை மெழுகு. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேல் எண்ணெய் பிடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் போடிப் பக்கம் மெத்தைக்கு அடைப்பதுபோல இறுக்கி அடைத்தால் எண்ணெய்க்கு இடமிருக்காது. இந்தத் தலையணையைச் செய்தவர்கள் தளர்வாக அடைத்திருப்பது சரி.

குறை தையலில் இருக்கிறது. ஓரம் பிரிந்து இழைகள் பம்ப் ஃபில்டரில் போய் அடைத்துக்கொண்டன. விற்றவருக்குப் படம் அனுப்பினேன், பதில் இல்லை. நைலான் வலைப்பைக்குள் போட்டுக் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பிழிந்து பிழிந்து பலமுறை பயன்படுத்தலாம் என்று உறையில் போட்டிருக்கிறார்கள். வெறும் தண்ணீரில் மிதக்கும் டீசலுக்கு அது பொருந்தலாம். கூலன்டில் எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் சோப்பு மாதிரி எமல்சிஃபயர் இருக்கிறதே, நாளடைவில் இழைக்குள் தண்ணீரும் ஏறிவிடுகிறது. தலையணை அமிழத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். கெட்டியான எண்ணெய்க்கும் இதை நம்ப வேண்டாம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கியதை வாளியில்தானே அள்ளினார்கள்? அந்த மாதிரி பிசுபிசுப்பு இழைக்குள் எளிதில் நுழையாது.

இன்னொன்று, உறையில் உள்ள 'மக்கும் பொருள்' என்ற வரியை நம்பி யாரும் இதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பஞ்சு மக்கும், அதிலுள்ள மெஷின் எண்ணெய் மண்ணுக்கும் சாக்கடைக்கும்தான் போகும். எண்ணெய் ஊறியதெல்லாம் மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயக் கழிவு. மூடியுள்ள இரும்பு டிரம்மில், வெல்டிங் பக்கம் போகாமல் சேர்த்துவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வாங்குவதானால் சின்ன அளவையே கேளுங்கள். பெரியது தொட்டியின் சிப் தட்டுக்கு (உலோகச் சீவல் விழும் தட்டு) கீழே நுழைவதில்லை.