முதலில் இடமா, முதலில் பத்திரமா? டெல்டாவில் நிலம் முடித்துக் கொடுப்பவரின் நாள் கணக்கு

கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் சுற்று வட்டாரத்தில் பதினெட்டு வருஷமாக நிலமும் வீடும் முடித்துக் கொடுக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, நாள் முழுக்க வண்டியிலேயே போகுது. மாசக் கடைசியில ஒரு கிரயம்கூட முடியலையே?” அவர்கள் உழைப்பில் குறை இல்லை. வேலையை எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் இரண்டு வரிசை உண்டு. பார்ட்டி போன் செய்ததும் இடத்தைக் காட்டி, பிடித்துவிட்டால் பத்திரத்துக்குப் போவது ஒன்று. காகிதம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம்தான் இடம் காட்டுவேன் என்பது இன்னொன்று.

இடம்தான் முதலில் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகை வீட்டுக்கு அதுதான் சரி. முதலில் சாவியோடு வாசலில் நிற்பவருக்குத்தான் வேலை முடியும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற லேஅவுட் மனையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அனுமதி எண், ரெரா (மனை, கட்டடத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இரண்டையும் சரிபார்த்துவிட்டால் பார்ட்டியை அன்று மாலையே அழைத்துப் போகலாம். (அந்த மாதிரி மனையை விற்றுத் தர 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும்.) இந்த இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நஞ்சை நிலமும் பழைய ஊர் வீடும் வேறு கதை. கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை ஒரே பார்ட்டிக்கு நான்கு தடவை காட்டினேன். முற்றம், கிணறு, கொல்லை எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போய் விலையும் படிந்தது. பத்திரத்தை விரித்தபோதுதான் அடிமனை கோயிலுடையது, வீட்டுக்காரருக்குக் கட்டடம் மட்டும்தான் சொந்தம் என்று தெரிந்தது. கோயில் சொத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பதிய, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இடம் கொடுக்காது. கோயில் ஊர்கள் நிறைந்த இந்த மண்ணில் இது தெருவுக்குத் தெரு வரக்கூடிய விஷயம். முதல் நாளே காகிதத்தைக் கேட்டிருந்தால் அந்த நான்கு நாளும் எனக்கு மிஞ்சியிருக்கும். அந்தக் குடும்பமும் ஆசைப்பட்டு ஏமாந்திருக்காது. அவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து காகிதம்தான் எனக்கு முதல். நினைப்பது போல இது பெரிய வேலையும் இல்லை. சர்வே நம்பரும் உட்பிரிவும் கையில் இருந்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்னும் வருவாய்த் துறைப் பதிவுகள் மூன்றையும் காலைக் காபி நேரத்தில் இணையத்திலேயே பார்த்துவிடலாம். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறைத் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. நான் அதிக நேரம் செலவிடுவது, நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்திருக்கும் புலப்படத்தில். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, வண்டிப்பாதை உண்டா, அடுத்தவர் வயலில் இறங்கித்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெரியும். பாதை இல்லாத வயலுக்குப் பாதை உள்ள வயலின் விலையைச் சொல்லி, பார்ட்டியைக் கூட்டிப்போய் வரப்பில் நிற்க வைத்தால், திரும்பி வரும் வழியிலேயே பேச்சு முறிந்துவிடும்.

அளவையும் அப்போதே ஒப்பிட்டுவிடுவேன். ஊர்க்காரர் “மூணு மா இருக்கு” என்பார், பட்டாவில் ஏக்கரில் வேறு கணக்கு நிற்கும். நூறு குழி ஒரு மா, அது ஏறக்குறைய 33 சென்ட். அப்படியானால் மூன்று மா என்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. விலை பேசும்போது அந்தச் சில சென்ட்டே சண்டையாகிவிடும். பதிவுச் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். இதை மூன்றாவது சந்திப்பில் கேட்டுவிட்டுப் பின்வாங்கிய பார்ட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, காகிதம் மட்டும் போதுமா? போதாது. பாபநாசம் பக்கம் ஒரு ஆறு மா நிலத்தில் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. அட்வான்ஸுக்கு முதல் நாள் டீக்கடையில் ஒரு பெரியவர், “அந்த வயலை மூணு தலைமுறையா அவங்கதானே தம்பி குத்தகைக்கு உழுறாங்க” என்றார். தாலுகா ஆபீஸில் குத்தகைப் பதிவேட்டைப் பார்த்தால் பெயர் இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஒருவரை, நிலம் கைமாறிவிட்டது என்பதற்காக வெளியேற்ற முடியாது. அந்த உழவர் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். வாங்குபவருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் இது வராது.

அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு படி சேர்த்துக்கொண்டேன். காகிதம் பார்த்த பிறகு, பார்ட்டி இல்லாமல் நான் தனியாக ஒரு தடவை போவேன். பக்கத்து வயல்காரரிடம் பேசுவேன், தண்ணீர் முறையைக் கேட்பேன், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) யார் சாகுபடி என்று விசாரிப்பேன். ஒரு கிராமத்தில் மூன்று நான்கு இடங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஒரே நாளில் முடித்துவிடுவேன். பார்ட்டியோடு போகும் பயணங்கள் எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது இதனால்தான். அவசரக்காரப் பார்ட்டி சிலர் இதற்குள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அந்த நஷ்டம் உண்மைதான், ஏற்றுக்கொள்கிறேன்.

பருவமும் வரிசையைத் தீர்மானிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர், வரப்புகூடத் தெரியாது. அப்போது நஞ்சை காட்டுவது வீண். சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் உளுந்து நிற்கும் நேரம்தான் எல்லைக்கல்லைத் தொட்டுக் காட்ட ஏற்றது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் கிரயம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூலப்பத்திரம் தேடவும், வாரிசுச் சான்று, பட்டா மாற்ற மனுக்களை நகர்த்தவும் அந்த இரண்டு மாதங்களை ஒதுக்கிவிடுகிறேன்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பதா, போனிலா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை, எது பழக்கமோ அது. ஒன்று மட்டும் சொல்வேன். பார்ட்டி பெயரில் எழுதாமல் கிராமம், சர்வே நம்பர் வாரியாக எழுதுங்கள். பார்ட்டி மாறிக்கொண்டே இருப்பார்கள், சர்வே நம்பரை வைத்துத்தான் இரண்டு வருஷம் கழித்தும் தேடி எடுக்க முடியும். உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர்க்காரரை நான் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், துபாய்க்காரரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. நடுவில் இருக்கும் பகல் முழுதும் வயலுக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் கிடைத்துவிடுகிறது.