ரிவால்வரா, மிளகு ஸ்ப்ரேயா?
நெல் வியாபாரப் பணத்தோடு இரவில் மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பைக்கில் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். கான்பூர் அரசு துப்பாக்கித் தொழிற்சாலை 2014இல் கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோதான்; .32 காலிபர் (குழாயின் உள்விட்டம், அங்குலத்தில்), ஆறு குண்டு. சட்டைக்குள் இடுப்பில் துருத்தாது. ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பு கூடும், பழகாத கைக்குக் குறி தவறும். விலை வந்தபோதே லட்சத்துக்கு மேல். கலெக்டர் ஆபீஸில் உரிமம் வாங்க வேண்டும். அப்புறம், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திருடன் தேர்தல் பார்த்தா வருகிறான்?

ஸ்ப்ரே சில நூறு ரூபாய், உரிமமும் வேண்டாம். ஆடிக் காற்றை எதிர்த்து அடித்தால் மட்டும் நம் கண்தான் எரியும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே: யாரும் சாகாமல் தப்பிக்க நேரம் கிடைக்கும். காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள்.