மாண்டலினில் 13ஆம் கார்ட் வரை: மூன்று ஆண்டுப் பயிற்சி அனுபவம்

மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் இருபது நிமிடம் மாண்டலினில் எனக்கு ஒரே வேலை: 9, 11, 13 கார்டுகளின் (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கட்டு; எண், ஆதார சுரத்தை 1 என்று வைத்து எண்ணினால் அந்தக் கட்டு எட்டும் மேல் சுரம்) சுரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிப்பது, அதாவது ஆர்பெஜியோ. ஸ்விங், ஜாஸ் பாடல்களுக்கு வாசிக்க விரும்பும் எவருக்கும் இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான் தொடங்கிய வழியில் மட்டும் தொடங்க வேண்டாம்.

முதல் ஆண்டு ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வடிவம் என்று மனப்பாடம் செய்தேன். நோட்டுப் புத்தகத்தில் முப்பது படங்கள் சேர்ந்துவிட்டன. தனியாக உட்கார்ந்தால் எல்லாம் வரும். பாட்டு ஓடும்போது ஒன்றுகூடக் கைக்கு வராது.

வழி சுருதி அமைப்பிலேயே இருக்கிறது. வயலினைப் போல மாண்டலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்திய சுரங்களில் நிற்கும். ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் ஏழு பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு, ஒவ்வொன்றும் அரை சுரம்) தூரம், நம் ச–ப. 9, 11, 13 போன்ற விரிந்த கார்டுகளோ நான்கு பிரெட், மூன்று பிரெட் இடைவெளிகளை மேலே மேலே அடுக்கிக் கட்டியவை. நான்கும் மூன்றும் ஏழு. அந்த இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும் வரை, ஒரு தந்தியில் பிடித்த இரண்டு சுரங்களின் வடிவம் அடுத்த தந்தியிலும் அப்படியே திரும்பும்.

நான்கு தந்திகளிலும் 2ஆவது பிரெட், 5ஆவது பிரெட் என்று வாசித்துப் பாருங்கள். ஏ, சி, இ, ஜி, பி, டி, எஃப் ஷார்ப், மேல் ஏ. ஏ மைனர் 13 முழுவதும் ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும் அடங்கிவிட்டது! அதே வரிசையை இரண்டாவது சுரமான சி-யிலிருந்து தொடங்கினால் சி மேஜர் 13, ஷார்ப் 11 (அரை சுரம் உயர்த்திய 11) உடன். முதலாவதில் இருப்பவை கரகரப்பிரியாவின் சுரங்கள், இரண்டாவதில் கல்யாணியின் சுரங்கள். கரகரப்பிரியாவின் காந்தாரத்தை சட்ஜமாக்கினால் கல்யாணி வரும் என்ற கிரகபேதம் விரலுக்கடியில் கிடப்பதைக் கண்ட அன்று காலை, இருபது நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டது. பழைய நோட்டை அதன் பிறகு நான் திறக்கவே இல்லை.

நான்கு ஜோடித் தந்திகளில் ஒரே சமயத்தில் நான்கு சுரங்களுக்கு மேல் ஒலிக்க வழியில்லை. நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் 9, 13 போன்ற கார்டுகளை முழுமையாகக் கேட்க மாண்டலினில் ஆர்பெஜியோதான் வழி. கூட ஒருவர் பேஸ் (கீழ் சுரங்கள்) வாசித்தால் ஆதார சுரத்தையும் விட்டுவிடலாம். டி மைனர் 9க்கு எஃப், ஏ, சி, இ. ஜி 9க்கு பி, டி, எஃப், ஏ. சி மேஜர் 9க்கு இ, ஜி, பி, டி. மூன்றும் பழகிய நான்கு சுர ஆர்பெஜியோக்கள்தான். கை 2ஆவது பிரெட்டுக்கும் 7ஆவது பிரெட்டுக்கும் இடையிலேயே நிற்கும்.

சிரமம் தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கில் வந்தது. ஏ-யிலிருந்து தொடங்கினால் தந்திக்கு இரண்டு சுரம். கீழ், மேல் என்று அடி ஒழுங்காக விழும். சி-யிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு புதிய தந்தியும் மேல் அடியில் ஆரம்பிக்கும், பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவே சிக்கும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுக்கு இறக்கி, முதல் சி-யையே மேல் அடியில் தொடங்கிப் பழகினேன். நான்கு மாதம் பிடித்தது.

டி மைனர் 13 சுண்டுவிரலைக் கேட்கும்: ஜி தந்தியில் 7ஆவது பிரெட், மற்ற மூன்றிலும் 3, 7. என் தடித்த 11–40 தந்திகளில் வலி வந்ததால் மெல்லிய 10–38க்கு மாறினேன். ஒலியின் கனம் சற்றுக் குறைந்தது உண்மை, ஆனால் சுண்டுவிரல் தப்பித்தது. தந்தி மாற்றியபோது, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நகர்ந்துவிட்டது. 12ஆவது பிரெட்டில் ஸ்தாயி சேர்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஜோடியில் ஒன்று இம்மி பிசகினாலும் மேல் சுரங்கள் கரகரக்கும்.

ஆதார சுரம் டி தந்தியில் விழும் கார்டுகள் இன்னும் வசப்படவில்லை. ஷார்ப் 11 உடன் ஜி மேஜர் 13-ஐ டி தந்தியின் 5இல் தொடங்கினால் இ தந்தியின் 5இல் 9ஆம் சுரத்தோடு இடம் தீர்ந்துவிடும். அங்கிருந்து அதே தந்தியில் 9ஆவது பிரெட்டுக்கும் 12ஆவது பிரெட்டுக்கும் தாவ வேண்டும். இந்த மாதம் காலை நேரம் முழுவதும் அந்த ஒரு தாவலுக்குத்தான். பத்து முறையில் ஏழு முறை சரியாக விழுகிறது.