உப்புக்காற்றில் செம்புக் காற்று லைன்: வருடங்கள் ஓடிய பிறகு

மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டுப் பட்டறைக் கம்ப்ரஸருக்குச் செம்புக் குழாய் போட்டால் குழாய் நிற்கும்; அதைப் பிடித்திருப்பவைதான் முதலில் உதிரும். குழாய் கறுத்து, அங்கங்கே பச்சைக் களிம்பு பூக்கும். பயப்பட வேண்டாம், அது மேலோடு. இரும்புக் கிளாம்ப் செம்பைத் தொடும் இடத்தில்தான் வம்பு. உப்பீரம் பட்டதும் இரும்பு பொரிந்து கொட்டிவிடும். பிளாஸ்டிக் கிளிப், மீட்டருக்கு ஒன்று, ஸ்டெயின்லெஸ் திருகாணி.

2 எச்பி கம்ப்ரஸருக்கு, 8 பார் அழுத்தத்துக்கு, ஏசி கடையில் கிடைக்கும் 5/8 இன்ச், 1 மி.மீ. கனக் குழாய் தாராளம். விலை பார்த்து பிவிசி போடவே கூடாது; வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும். செம்போடு செம்பைப் பற்றவைக்க பாஸ்பரஸ் கலந்த ராடு போதும், ஃபிளக்ஸ் (பற்றவைக்கும் முன் பூசும் பசை) வேண்டாம். பித்தளை சேரும் இடத்தில் ஃபிளக்ஸ் தேவை. ஃபிளக்ஸ் மிச்சத்தை வெந்நீரால் துடைக்காவிட்டால் களிம்பு அங்கேதான் தொடங்கும். பால் வால்வை (உள்ளே உருண்டை திரும்பி மூடித் திறக்கும் வால்வு) பூட்டியபடி சூடு காட்டினால் உள்ளிருக்கும் டெஃப்ளான் சீட், அதாவது கசிவை அடைக்கும் வளையம், போய்விடும். மரையுள்ள அடாப்டரைப் பற்றவைத்து, ஆறிய பிறகு வால்வைத் திருகுங்கள்.

இந்தக் கரையில் பெரிய தலைவலி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரஸர் டேங்க்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். சூடான காற்று குழாயில் ஆறும்போதுதான் நீர் பிரியும். நீரைப் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரஸரை ஒட்டி மாட்டினால் ஈரம் ஆவியாகவே கடந்துபோகும்; 6 முதல் 8 மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். மெயின் லைன் மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் கடைசி முனையை நோக்கிச் சரியட்டும். ஹோஸுக்கு இறங்கும் குழாயை மெயினின் மேற்பக்கத்தில் எடுத்து, வளைத்துக் கீழே விடுங்கள். அடிப்பக்கத்தில் எடுத்தால் தேங்கிய நீர் நேரே ஸ்ப்ரே கன்னுக்குப் போய், வள்ளத்துக்கு அடித்த பெயின்ட் கொப்புளிக்கும். ஹோஸ் மாட்டும் T வடிவ இணைப்புக்குக் கீழே ஒரு சாண் குழாயும் வடிகால் வால்வும் இருக்கட்டும்.

கம்ப்ரஸருக்கும் குழாய்க்கும் நடுவே அரை மீட்டர் ரப்பர் ஹோஸ் கட்டாயம். இல்லையென்றால் அதிர்வில் செம்பு இறுகி, முதல் இணைப்பிலேயே கீறும். பிறகு வரும் கசிவெல்லாம் பெரும்பாலும் மரை இணைப்பில்தான். சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.

ஐஸ் ஃபேக்டரிச் சுவரை ஒட்டிய பட்டறை என்றால் செம்பே வேண்டாம். குளிரூட்டும் அமோனியா கசிந்தால் பித்தளை வால்வு கோடு கோடாக வெடிக்கும். அங்கே குழாயும் வால்வும் ஸ்டெயின்லெஸ்தான்.